வெளிநாட்டவர் பங்கு உள்ள சிறு நிறுவனங்கள்: வரி எண் கிடைத்தால் மட்டும் போதுமா?

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் வழங்கிய விளக்கவுரையின் எழுத்து வடிவம்)



அண்மைய வாரங்களில் நம் அரங்கத்துக்கு வந்த கேள்விகளில் வருமான வரி தொடர்பானவைதாம் அதிகம். சம்பளக்காரர்கள் ஆண்டுதோறும் கேட்கும் வழக்கமான கேள்விகள் அல்ல இவை. "என் மைத்துனர் சென்னையிலிருந்து வந்து இங்கே சாப்பாட்டுக் கடை போடுகிறார். நான் டைரக்டராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சும்மா பேருக்குத்தான். எனக்கு ஏதாவது வருமா?" என்று கேட்டார் ஒரு நேயர். "கணவர் இலங்கைக்காரர். கம்பெனியில் பாதிப் பங்கு அவர் பெயரில். வரி எண் வந்துவிட்டது. வேறென்ன செய்யணும்?" என்றார் ஒரு சகோதரி. கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் கேட்டது மனத்தைத் தைத்தது: "தம்பி, எனக்குச் சிவப்பு ஐ.சி. பொறந்தது இங்கதான். என்னையும் வெளிநாட்டுக்காரன் கணக்குலதான் சேர்ப்பாங்களா?"

பெரியவரின் கேள்விக்குப் பதில் 'ஆம்' என்பதே. அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். மூன்று கேள்விகளும் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். நிறுவனம் சிறியதா பெரியதா என்பதை நம்முடைய வரிச் சட்டம் இப்போது விற்பனையை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. பங்கு யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்கிறது.

நான் குடியிருக்கும் அம்பாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாலான் அம்பாங் நெடுகிலும் வெளிநாட்டுத் தூதரகங்கள். அம்பாங் பாயிண்ட் பக்கம் போனால் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகள். பாண்டான் இண்டா பக்கம் போனால் நம்மவர் உணவகங்கள். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டில் இந்தியா பகுதிகளிலும் தமிழகத்திலிருந்து வந்த முதலீடு உள்ள துணிக்கடைகளும் உணவகங்களும் உண்டு. இப்படிப்பட்ட கடைகளில் கல்லாவில் உட்காருபவர் ஒருவர், பணம் போட்டவர் இன்னொருவர், பதிவுப் பத்திரத்தில் பெயர் உள்ளவர் மூன்றாமவர் என்ற நிலை நமக்குப் புதிதல்ல. அதனால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண் இரண்டு, அலுவலகம் இரண்டு

வெளிநாட்டவர் ஒருவர் இங்கே தம் பெயரில் தனி வணிகமாகக் கடையைப் பதிய முடியாது. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி அந்த வழி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஆகவே அவர்கள் பெரும்பாலும் செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் அமைக்கிறார்கள். பதிவு நடப்பது எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில். அதன் தலைமையகம் கே.எல். சென்ட்ரலில், பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு நடந்து போகும் தூரம்.

அங்கே கிடைக்கும் பதிவு எண் 12 இலக்கம் கொண்டது. 2019 அக்டோபர் 11 முதல் நடைமுறைக்கு வந்த முறை இது. முதல் 4 இலக்கம் பதிவு செய்த ஆண்டு. அடுத்த 2 இலக்கம் எந்த வகை அமைப்பு என்பது. கடைசி 6 இலக்கம் வரிசை எண். நடுவில் உள்ள அந்த இரண்டு இலக்கத்தைக் கவனியுங்கள். 01 என்றால் உள்நாட்டு நிறுவனம், 02 என்றால் வெளிநாட்டு நிறுவனம், 03 என்றால் சாதாரண வணிகம்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 02 என்பது வேறு நாட்டில் பதிவான ஒரு நிறுவனம் இங்கே திறக்கும் கிளையைக் குறிக்கும். இந்தியர் ஒருவர் நூற்றுக்கு நூறு பங்கையும் வைத்துக்கொண்டு அம்பாங்கில் ஒரு செண்டிரியான் பெர்ஹாட் தொடங்கினால், அதற்குக் கிடைப்பது 01தான். பதிவில் அது உள்நாட்டு நிறுவனம். 'நமக்கு 01 வந்துவிட்டது, இனி உள்ளூர்க் கம்பெனிக்கு உள்ள எல்லாச் சலுகையும் உண்டு' என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. வரி வாரியம் அந்த இரண்டு இலக்கத்தை வைத்து முடிவு செய்வதில்லை.

இரண்டாவது எண்தான் வரி அடையாள எண். இதைக் கொடுப்பது உள்நாட்டு வருமான வரி வாரியம். நிறுவனத்தின் வரி எண் 'சி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். தனிநபருக்கு 'ஐ.ஜி.' என்று தொடங்கும். பழைய 'எஸ்.ஜி.', 'ஓ.ஜி.' எண்கள் 2023 ஜனவரி 1 முதல் 'ஐ.ஜி.' ஆகிவிட்டன. ஊழியர் வைத்திருந்தால் முதலாளி என்ற முறையில் 'இ' எண் ஒன்றும் தேவை. சிங்கப்பூரில் நிறுவனத்தின் பதிவு எண்ணே வரி எண்ணாகவும் பயன்படுகிறது. இங்கே இரண்டும் தனித்தனி. ஓர் அலுவலகத்துக்கு முகவரி மாற்றம் சொன்னால் இன்னோர் அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது.

வரி எண் வாங்குவது இப்போது பெரிய வேலை இல்லை. மைடேக்ஸ் என்ற இணையத்தளத்தில் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நிறுவனத்தின் பாரங்களை அந்தத் தளத்தில் அனுப்ப வேண்டுமானால், முதலில் இயக்குநருக்குத் தம் சொந்த வரி எண் இருக்க வேண்டும். வெளிநாட்டு இயக்குநர் தம் கடப்பிதழைக் கொண்டு பதிய வேண்டும். கடப்பிதழைப் புதுப்பித்தால் அதன் எண் மாறிவிடும், வரி எண் மாறாது. புதிய கடப்பிதழ் எண்ணை வாரியத்திடம் தெரிவிக்காமல் விட்டுவிட்டுக் கடைசி நாளில் தளத்துக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எஸ்.எஸ்.டி. வரிக்குரிய எண் இவ்விரண்டிலும் சேராது. அது சுங்கத் துறையின் விவகாரம். உணவகத்துக்கு ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் அந்தப் பதிவு கட்டாயம். அதை இன்னொரு வாரம் பேசுவோம்.

ஒரே 20, மூன்று இடத்தில்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

நிறுவன வருமான வரி பொதுவாக 24 விழுக்காடு. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இதில் சலுகை உண்டு. செலுத்தப்பட்ட மூலதனம் 25 லட்சம் வெள்ளிக்கு மேல் போகாமலும், வணிக வருமானம் 5 கோடி வெள்ளிக்கு மேல் போகாமலும் இருந்தால், வரிக்குரிய வருமானத்தின் முதல் 1 லட்சத்து 50,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு. அதற்கு மேல் 6 லட்சம் வெள்ளி வரை 17 விழுக்காடு. அதற்கும் மேற்பட்ட தொகைக்குத்தான் 24 விழுக்காடு. 2023 மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள விகிதம் இது.

ஆனால் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டது. 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல், நிறுவனத்தின் சாதாரணப் பங்கு மூலதனத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல், வெளிநாட்டில் பதிவான நிறுவனத்திடமோ மலேசியக் குடிமகன் அல்லாத தனிநபரிடமோ இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. நேரடியாக வைத்திருந்தாலும் சரி, வேறொரு நிறுவனத்தின் வழியாக மறைமுகமாக வைத்திருந்தாலும் சரி. பலர் சிறிது சிறிதாக வைத்திருந்தால் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

கணக்குப் போட்டால் இதன் கனம் தெரியும். ஓர் உணவகம் ஆண்டுக்கு 2 லட்சம் வெள்ளி வரிக்குரிய லாபம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சலுகை இருந்தால் முதல் ஒன்றரை லட்சத்துக்கு 22,500 வெள்ளி, மீதி 50,000க்கு 8,500 வெள்ளி, ஆக 31,000 வெள்ளி. சலுகை இல்லையென்றால் 48,000 வெள்ளி. வித்தியாசம் 17,000 வெள்ளி. லாபம் 6 லட்சமாக இருந்தால் ஒருவர் 99,000 கட்டுவார், பக்கத்துக் கடைக்காரர் 1,44,000 கட்டுவார். ஒரே தெரு, ஒரே வகைக் கடை, ஒரே வியாபாரம். மாறுவது பங்குப் பத்திரத்தில் உள்ள பெயர் மட்டும்தான்.

சட்டத்தில் உள்ள சொல் 'குடிமகன் அல்லாதவர்' என்பது. 'வெளிநாட்டில் வசிப்பவர்' என்று அதில் இல்லை. கிள்ளான் பெரியவரின் கேள்விக்கு இதுதான் பதில். நிரந்தரவாசத் தகுதியோடு சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தாலும், இங்கேயே பிறந்திருந்தாலும், குடியுரிமை இல்லாத வரை அவர் கையில் உள்ள பங்கு அந்த 20 விழுக்காட்டுக் கணக்கில் சேரும். பிள்ளைகள் நீல அட்டைக்காரர்கள், அப்பாவுக்கு மட்டும் சிவப்பு அட்டை, குடும்ப நிறுவனத்தில் அப்பா பெயரில் 40 விழுக்காடு. இந்தக் குடும்பம் தன்னை வெளிநாட்டு முதலீட்டாளராக ஒரு நாளும் நினைத்திருக்காது. ஆனால் 2024 முதல் அந்த நிறுவனம் சலுகையை இழந்து நிற்கிறது. வெளிநாட்டு முதலாளிகளை மனத்தில் வைத்து எழுதிய விதி, தோட்டப்புறத்தில் பிறந்து பத்திரம் இல்லாமல் போன நம்மவர் தலையிலும் விழுகிறது. இதை நம் அமைப்புகள் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

இந்த நிலையைப் பார்ப்பது கணக்காண்டின் முதல் நாளில். டிசம்பர் 31இல் கணக்கு முடிக்கும் நிறுவனமானால் ஜனவரி 1இல் பங்கு யாரிடம் இருந்தது என்பதே கேள்வி. மார்ச் மாதத்தில் விழித்துக்கொண்டு பங்கை மாற்றினால் அந்த ஆண்டுக்கு உதவாது.

இதைக் கேட்டதும் நம்மவர்களுக்கு உடனே ஒரு யோசனை தோன்றும். 'அப்படியானால் 80 விழுக்காட்டை உள்ளூர் மைத்துனர் பெயரில் எழுதிவிட்டால் தீர்ந்தது!' பேருக்குப் பங்குதாரர், பேருக்கு இயக்குநர். அவசரப்பட வேண்டாம். அதே 20 இன்னொரு பிரிவிலும் உட்கார்ந்திருக்கிறது.

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 75ஏ பிரிவைப் பாருங்கள். நிறுவனம் வரி பாக்கி வைத்தால், அந்தக் காலத்தில் இயக்குநராக இருந்து, தனியாகவோ நெருங்கிய உறவினர் போன்றோருடன் சேர்ந்தோ சாதாரணப் பங்கில் 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் வைத்திருந்தவர், அந்தப் பாக்கிக்குத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாளி. 'நிறுவனம் வேறு, நான் வேறு' என்ற வேலி அங்கே இல்லை. மைத்துனர் பெயரில் 80 விழுக்காட்டை எழுதினால் வரி விகிதத்தில் நிறுவனம் தப்பிக்கலாம், மைத்துனர் மாட்டிக்கொள்கிறார். கடை ஓடும் வரை ஒன்றும் தெரியாது. முதல் போட்டவர் ஒரு நாள் ஊருக்குப் போய்த் திரும்பாமல் இருந்துவிட்டால், பாக்கிக் கடிதம் வருவது உள்ளூர்க்காரர் வீட்டுக்குத்தான்.

வரி பாக்கி உள்ளவர் நாட்டை விட்டு வெளியே போவதைத் தடுக்க 104ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. 75ஏ பிரிவின்படி இயக்குநர் கட்ட வேண்டிய தொகைக்கும் இது பொருந்தும். பேத்தியைப் பார்க்கவோ கோயில் யாத்திரைக்கோ கிளம்பியவர், விமான நிலையக் குடிநுழைவு முகப்பில் நிறுத்தப்படும்போதுதான் தாம் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் என்பதை நினைவுகூர்கிறார். குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துப் பயணத் தடை உள்ளதா என்று முன்கூட்டியே பார்க்கலாம். பெயரை இரவல் கொடுத்தவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

20 விழுக்காடு பங்கு இல்லை, இயக்குநர் பதவி மட்டும்தான் என்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. 75ஆம் பிரிவின்படி, சட்டம் நிறுவனத்திடம் எதிர்பார்க்கும் காரியங்களை, அதாவது பாரங்களைத் தாக்கல் செய்வது போன்றவற்றைச் செய்து முடிக்கும் பொறுப்பு இயக்குநர்களுக்கும் உண்டு.

மூன்றாவது 20 இருப்பது எஸ்.எஸ்.எம்.மில். 2024 ஏப்ரல் 1இல் நடப்புக்கு வந்த நிறுவனச் சட்டத் திருத்தத்தின்படி, பின்னால் இருக்கும் உண்மையான உரிமையாளர் யார் என்பதை நிறுவனம் பதிவேட்டில் எழுதி ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பங்கில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருப்பது அதற்கான அளவுகோல்களில் ஒன்று. பத்திரத்தில் பெயர் இல்லாமல் பின்னாலிருந்து நடத்துபவரும் இதில் அடங்குவார். பத்திரத்தில் ஒரு பெயர், பதிவேட்டில் இன்னொரு பெயர், வரிப் பாரத்தில் மூன்றாவது கதை என்று வைத்துக்கொள்ள முடியாது.

எனவே மைத்துனருக்காகக் கையெழுத்துப் போட்ட நேயருக்கு என் பதில் இது. உங்களுக்கு வரும். நிறுவனத்தில் உங்கள் பெயரில் எத்தனை பங்கு இருக்கிறது என்று செயலாளரிடம் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்டபோது அந்த நேயருக்கே அது தெரியவில்லை.

விற்பனையே இல்லையென்றாலும் பாரம் உண்டு

இனி தாக்கல் செய்ய வேண்டியவை. இரண்டு அலுவலகத்துக்கும் நாள்காட்டி வேறு. எஸ்.எஸ்.எம்.முக்கு முக்கியம் நிறுவனத்தின் பிறந்தநாள். பதிவு செய்த தேதி ஒவ்வோர் ஆண்டும் வரும்போது, அதிலிருந்து 30 நாளுக்குள் ஆண்டறிக்கையைக் கொடுக்க வேண்டும். வரி வாரியத்துக்கு முக்கியம் கணக்காண்டின் கடைசி நாள். அதிலிருந்து 7 மாதத்துக்குள் 'சி' பாரத்தை அனுப்ப வேண்டும். டிசம்பரில் கணக்கு முடிந்தால் ஜூலை 31 கடைசி. 2014 மதிப்பீட்டு ஆண்டு முதல் நிறுவனங்கள் இதை இணையம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும், காகிதம் செல்லாது.

'கடையே திறக்கவில்லை, ஒரு காசு வியாபாரம் இல்லை, எதற்குப் பாரம்?' என்பது அடிக்கடி வரும் கேள்வி. இயங்காமல் கிடக்கும் நிறுவனமும் 'சி' பாரம் அனுப்ப வேண்டும். முதலாளிக்குரிய 'இ' பாரமும் அனுப்ப வேண்டும். தவறினால் 112ஆம் பிரிவின்படி 200 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெர்மிட் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே நிறுவனத்தைப் பதிந்துவிட்டு, பெர்மிட் கிடைக்காமல் ஊர் திரும்பியவர்கள் பலர். அந்த நிறுவனங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பாரங்களும் குவிந்துகொண்டே இருக்கின்றன.

அடுத்தது வரி மதிப்பீட்டுப் பாரம், சி.பி. 204. இந்த ஆண்டு எவ்வளவு வரி வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லி, மாதத் தவணையாகக் கட்டுவது. புதிய நிறுவனம் தொழில் தொடங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இதைக் கொடுக்க வேண்டும். பின்வரும் ஆண்டுகளில் கணக்காண்டு தொடங்குவதற்கு 30 நாள் முன்னதாக. நிபந்தனைக்கு உட்பட்ட புதிய சிறு நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் இரண்டு மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு விலக்கு உண்டு. தவணை ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள். தாமதித்தால் அந்தத் தவணையில் 10 விழுக்காடு அபராதம். குறைத்துச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. உண்மையான வரியைவிட மதிப்பீடு 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், அந்த 30 விழுக்காட்டைத் தாண்டிய பகுதிக்கு 10 விழுக்காடு கூடுதலாகக் கட்ட வேண்டும். சலுகை விகிதம் கிடைக்கும் என்று நம்பி 15 விழுக்காட்டில் மதிப்பீடு போட்ட நிறுவனம், பங்கு நிலையால் 24 விழுக்காட்டுக்குப் போனால் இந்த வலையில் நேராகப் போய் விழும். வியாபாரம் எதிர்பார்த்தபடி இல்லையென்றால் கணக்காண்டின் 6, 9, 11ஆம் மாதங்களில் மதிப்பீட்டைத் திருத்தலாம். இந்த வசதி இருப்பதையே பலர் அறியவில்லை.

ஊழியர் விஷயத்துக்கு வருவோம். சம்பளத்தில் பிடித்த மாதாந்திர வரியை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பிப்ரவரி முடிவதற்குள் ஊழியருக்கு 'இ.ஏ.' பாரம் கொடுக்க வேண்டும். 'இ' பாரத்துக்குச் சட்டப்படி மார்ச் 31 கெடு. வெளிநாட்டுச் சமையற்காரரை வேலைக்கு வைத்தால் இன்னும் இரண்டு காரியம் உண்டு. ஒன்று, அவர் இங்கே ஓர் ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் பொதுவாக வரிக்கு 'வசிப்பவர்' ஆகமாட்டார். சம்பளத்துக்கு எந்தக் கழிவும் இல்லாமல் 30 விழுக்காடு வரி. ஆண்டின் கடைசி மாதங்களில் வந்து சேருபவர்களுக்கு முதல் சம்பளத்திலேயே ஏற்படும் அதிர்ச்சிக்கு இதுதான் காரணம். இரண்டு, அவர் நாட்டை விட்டுப் போகப்போகிறார் என்றால் 30 நாளுக்கு முன்பே சி.பி. 21 பாரத்தில் வாரியத்துக்குத் தெரிவித்து, அவருக்குத் தர வேண்டிய பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும். தெரிவிக்காமல் கணக்கு முடித்து அனுப்பிவிட்டால் அவருடைய வரியை முதலாளி கட்ட நேரிடும்.

வெளியே போகும் பணம்

வெளிநாட்டுத் தொடர்புள்ள சிறு நிறுவனங்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். சென்னையில் பெயர்பெற்ற உணவகத்தின் பெயரைப் பயன்படுத்த அங்குள்ள தாய் நிறுவனத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ராயல்டி. அதில் 10 விழுக்காட்டை இங்கேயே பிடித்து, பணம் அனுப்பிய அல்லது கணக்கில் வரவு வைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வாரியத்தில் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் அந்த வரியின்மேல் 10 விழுக்காடு கூடும். அதோடு போகாது. வரியைக் கட்டும் வரை அந்தச் செலவையே உங்கள் கணக்கில் கழிக்க விடமாட்டார்கள். அதாவது அனுப்பிய பணத்துக்கும் நீங்களே லாப வரி கட்டுவீர்கள்.

தொழில்நுட்பச் சேவைக்கும் இதே 10 விழுக்காடுதான். ஆனால் 2017 செப்டம்பர் 6 முதல் ஒரு விலக்கு உண்டு: சேவை மலேசியாவுக்கு வெளியே செய்யப்பட்டிருந்தால் பிடிக்க வேண்டியதில்லை. சென்னையில் உட்கார்ந்து ஒருவர் உங்களுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுத்தால் பிடித்தம் இல்லை. அவரே விமானம் ஏறி வந்து அம்பாங்கில் உங்கள் கணினி அமைப்பைப் பொருத்திக் கொடுத்தால் பிடித்தம் உண்டு. வேலை எங்கே நடந்தது என்பதைக் காட்டும் கடிதமும் ரசீதும் கையில் இருக்க வேண்டும். எல்லா ஆவணங்களையும் 7 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சாப்பாட்டுக் கடை ரசீதுத் தாள் சில மாதங்களிலேயே வெளுத்துப்போகும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லாப ஈவைப் பொறுத்தவரை நிலைமை எளிது. நிறுவனம் வரி கட்டிய பிறகு தரும் லாப ஈவில் பிடித்தம் கிடையாது. 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல், தனிநபர் ஒருவருக்கு ஆண்டில் கிடைக்கும் லாப ஈவு 1 லட்சம் வெள்ளியைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 2 விழுக்காடு வரி உண்டு. சிறு கடைக்காரர்களில் அந்த எல்லையைத் தொடுபவர் அதிகம் இருக்கமாட்டார்கள்.

இ-இன்வாய்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 ஆகஸ்ட் 1இல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய இந்த மின்விலைச்சீட்டு முறை, 2026 ஜனவரி 1 முதல் ஆண்டு விற்பனை 10 லட்சம் முதல் 50 லட்சம் வெள்ளி வரை உள்ளவர்களையும் எட்டிவிட்டது. 10 லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விலக்கு. ஆனால் உங்கள் பங்குதாரர் ஒரு நிறுவனமாக இருந்து, அதன் விற்பனை அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை. இங்கேயும் பங்கு யாரிடம் என்ற கேள்விதான் வருகிறது. இந்த முறையில் விற்பவர், வாங்குபவர் இருவரின் வரி எண்ணும் விலைச்சீட்டில் ஏறும். முன்பு அலமாரியில் தூங்கிய எண்ணுக்கு இப்போது தினமும் வேலை.

இதெல்லாம் மலேசியாவில் மட்டும் உள்ள கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டே இணையம் வழியாக அமெரிக்காவில் ஒற்றை உரிமையாளர் நிறுவனம் தொடங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அங்கே வரி வராவிட்டாலும், உரிமையாளர் வெளிநாட்டவர் என்றால், அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பணப் பரிமாற்றத்தை 5472 என்ற பாரத்தில் தெரிவிக்க வேண்டும். 2017 முதல் இந்த விதி. தவறினால் அபராதம் 25,000 அமெரிக்க டாலர். 'வரி இல்லை' என்பதும் 'பாரம் இல்லை' என்பதும் எந்த நாட்டிலும் ஒன்றல்ல. வங்கிகளும் இப்போது கணக்கு திறக்கும்போது எந்த நாட்டில் வரிக்கு வசிப்பவர், அந்த நாட்டு வரி எண் என்ன என்று கேட்கின்றன. மலேசியா 2018 முதல் இந்த விவரங்களை மற்ற நாடுகளுடன் பரிமாறிக்கொள்கிறது. ஆகவே இந்தியாவில் வசிப்பவர் இங்கே வைத்திருக்கும் கணக்கு அங்கே தெரியாது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

வரி ஆலோசகர் யாரைப் பிடிப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருமான வரிச் சட்டத்தின் 153ஆம் பிரிவின்படி அனுமதி பெற்ற வரி முகவரா என்று கேளுங்கள். கணக்கு எழுதுபவர் எல்லாரும் வரி முகவர் அல்லர், நிறுவனச் செயலாளரும் வரி முகவர் அல்லர். 'செயலாளர் எல்லாம் பார்த்துக்கொள்வார்' என்று நம்பி இருந்தவர்களின் கடிதங்கள்தாம் நம் அரங்கத்தில் அதிகம். செயலாளர் பார்ப்பது எஸ்.எஸ்.எம். வேலையை.

கணவர் இலங்கைக்காரர் என்று எழுதிய சகோதரிக்கு: பாதிப் பங்கு கணவரிடம் இருப்பதால் உங்கள் நிறுவனத்துக்கு 24 விழுக்காடுதான். சி.பி. 204 பாரத்தில் அந்த விகிதத்திலேயே கணக்குப் போடுங்கள். சலுகை வேண்டுமானால் கணவரின் பங்கு 20 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். அது மெய்யான மாற்றமாக இருக்க வேண்டும், அடுத்த கணக்காண்டின் முதல் நாளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். மீதிப் பங்கு உங்கள் பெயருக்கு வந்தால் நிறுவனத்தின் வரிக் கடனுக்கு நீங்களும் பொறுப்பு. ஏற்கெனவே நீங்கள் இயக்குநராகவும் பாதிப் பங்கின் உரிமையாளராகவும் இருந்தால், அந்தப் பொறுப்பு இப்போதே உங்கள்மேல் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு இருவரும் முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, 'பேருக்கு' இயக்குநராக இருக்கும் அண்ணன்மார்களுக்கு. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி செண்டிரியான் பெர்ஹாட்டில் மலேசியாவில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான் என்றால், ராஜினாமாக் கடிதத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு ஒதுங்கிவிட முடியாது. உங்கள் இடத்துக்கு இன்னொருவர் நியமிக்கப்படும் வரை அந்த ராஜினாமா செல்லாது. முதல் போட்டவர் இன்னும் ஊரில் இருக்கும்போதே, தொலைபேசியை எடுக்கும்போதே, மாற்று ஆளை நியமிக்கச் சொல்லுங்கள். அல்லது நிறுவனத்தை முறைப்படி மூடச் சொல்லுங்கள். மூடுவதற்கு எஸ்.எஸ்.எம்.மிடம் பெயர் நீக்க விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு முன் வரி வாரியத்தில் பாக்கி இல்லை என்ற நிலை வேண்டும், விட்டுப்போன ஆண்டுகளின் 'சி' பாரங்கள் எல்லாம் போயிருக்க வேண்டும். எத்தனை ஆண்டு விட்டுப்போயிருக்கிறது என்பதை மைடேக்ஸ் தளத்தில் இயக்குநர் என்ற முறையில் நீங்களே நுழைந்து பார்க்கலாம்.